பாசி செழித்தால் தண்ணீர் நல்லதா?

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் ஷட்டரைத் திறந்தால் தண்ணீரோடு நுரையும் வருகிறது. மழைக்காலத்தில் அந்த நுரை குவியல் குவியலாக எழுந்து தரைப்பாலத்தை மூடுவதையும், வண்டிகள் இரு பக்கமும் காத்துக் கிடப்பதையும் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிவிட்டோம். அதே தென்பெண்ணை ஆறு இன்னும் கீழே இறங்கி கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தேங்குகிறது. அங்கே இருப்பது வேறு பிரச்சினை. தண்ணீர் அடர்பச்சையாகி நாற்றமடிப்பதாக அணையைச் சுற்றியுள்ள மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்கிறார்கள்.

மேலே நுரை, கீழே பச்சை. இரண்டையும் பார்ப்பவர் மனதில் நியாயமான ஒரு கேள்வி எழும். ஆற்றில் ரசாயனக் கழிவு கலக்கிறது என்கிறார்கள். அந்த ரசாயனம் உயிர்களுக்கு நஞ்சு என்கிறார்கள். அப்படியானால் பாசி எப்படி இவ்வளவு செழிப்பாக வளர்கிறது? ஒற்றைச் செல் உயிர் அது. நஞ்சு இருந்தால் முதலில் சாக வேண்டியது அதுதானே? பாசி வளர்வதே தண்ணீரில் நஞ்சு இல்லை என்பதற்குச் சான்று ஆகாதா?

ஆகாது. ஏன் ஆகாது என்பதைப் புரிந்துகொள்ள, ரசாயனம் பாசியை என்ன செய்கிறது, அதை விஞ்ஞானிகள் எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஆற்றின் பாதை. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தட்சிண பினாகினி என்ற பெயரில் பிறக்கும் ஆறு, ஹொஸ்கோட்டை வழியாக வருகிறது. வழியில் பெங்களூருவின் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீரையும் சேர்த்துக்கொள்கிறது. 2015-இல் நுரையே தீப்பற்றி எரிந்து உலகச் செய்தியானது அந்தப் பெள்ளந்தூர் ஏரிதான். எல்லை தாண்டினால் ஓசூர். வாகன உதிரிபாகம், உலோக வேலை, முலாம் பூசுதல் என்று 1970-களிலிருந்து வளர்ந்த தொழில்நகரம் அது. கெலவரப்பள்ளி அணையை நம்பி சுமார் 8,000 ஏக்கரும், கே.ஆர்.பி. அணையை நம்பி சுமார் 9,000 ஏக்கரும் பாசனம் பெறுகின்றன. அதற்கும் கீழே சாத்தனூர் அணை இருக்கிறது. முடிவில் கடலூர் அருகே வங்கக்கடல்.

நுரை அழியும், உணவு அழியாது

நுரைக்கு முக்கியக் காரணம் சலவைத்தூளிலும் பாத்திரம் துலக்கும் சோப்பிலும் இருக்கும் பரப்புச் செயலிகள். ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும் மூலக்கூறுகள் இவை. இன்று உலகெங்கும் அதிகம் பயன்படுவது லீனியர் அல்கைல் பென்சீன் சல்போனேட் (எல்.ஏ.எஸ்.). இதற்கான மூலப்பொருள் நம் சென்னை மணலியிலும் தயாராகிறது. மதகு வழியே தண்ணீர் சீறி விழும்போது காற்று உள்ளே போகிறது. பரப்புச் செயலி அந்தக் காற்றுக் குமிழ்களை உடையவிடாமல் காக்கிறது. அதனால்தான் அணைக்குள் அமைதியாக இருந்த தண்ணீர், ஷட்டரைத் தாண்டியதும் நுரைக்கிறது.

1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் இதைவிட மோசமாக நுரைத்தன. அன்றைய சலவைத்தூளில் இருந்தது கிளைவிட்ட சங்கிலி கொண்ட மூலக்கூறு. பாக்டீரியாக்களால் அதைத் தின்று சிதைக்க முடியவில்லை. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றியது. 1960-களின் நடுவில் தொழில்துறை கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறியது. அதுதான் எல்.ஏ.எஸ். ஆக்சிஜன் இருக்கும் தண்ணீரில் பாக்டீரியாக்கள் இதைச் சிதைத்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்துபோன சாக்கடையில் சிதையாமல் தங்கிவிடும்.

இங்கேதான் புதிரின் முதல் முடிச்சு அவிழ்கிறது. ஓடி வரும் ஆற்றில் காற்று கலக்கக் கலக்க, பரப்புச் செயலி சிதைந்துகொண்டே வரும். ஆனால் அதனுடன் வந்த பாஸ்பரஸ் மறைந்துபோகாது. அது ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவாலும் அதை உடைத்து இல்லாமல் செய்ய முடியாது. மனிதக் கழிவிலிருந்தும், சலவைத்தூளிலிருந்தும், வயலில் மிஞ்சிய உரத்திலிருந்தும் வரும் பாஸ்பரஸ் அப்படியே கீழே போய், வெயில் படும் அகலமான நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது.

பாஸ்பரஸ்தான் காரணம் என்று எப்படித் தெரியும்? 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற சூழலியலாளரின் குழு ஒரு முழு ஏரியையே ஆய்வுக்கூடமாக்கியது. 226 என்று எண்ணிடப்பட்ட அந்த ஏரி இடையில் குறுகியது. குறுகிய இடத்தில் பிளாஸ்டிக் திரை கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். இரண்டு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடுதலாகப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். அந்தப் பாதி பச்சையானது; மறுபாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த புகைப்படம் ஒன்றே விவாதத்தை முடித்து வைத்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு வலுவூட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

ஆக, கழிவுநீர் பாசிக்கு உணவு. அதே கழிவுநீரில் நஞ்சும் வரும்.

மயில்துத்தம் செய்யும் வேலை

நஞ்சு என்றதும் பெயர் தெரியாத ஏதோ ரசாயனத்தைத் தேட வேண்டியதில்லை. விவசாயிகள் நன்கு அறிந்த மயில்துத்தத்தையே எடுத்துக்கொள்வோம். அது தாமிர சல்பேட். சுண்ணாம்புடன் கலந்தால் திராட்சைக்கும் காய்கறிக்கும் அடிக்கும் போர்டோ கலவை. 1904-இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர், குடிநீர்த் தேக்கங்களில் பாசியை அழிக்க மயில்துத்தம் மிகச் சிறிய அளவே போதும் என்று எழுதினார்கள். அன்று தொடங்கிய பழக்கம் உலகின் பல நாடுகளில் இன்றும் இருக்கிறது. தொழிற்சாலைகளில் தாமிரம் வேறு வழியில் வருகிறது. முலாம் பூசிய பொருளைக் கழுவும் தண்ணீரில், மின்சுற்றுப் பலகை தயாரிக்கும் இடத்தில், கம்பி இழுக்கும் இடத்தில் தாமிர அயனிகள் கழிவில் இறங்குகின்றன.

தாமிரம் பாசிக்கு வேண்டாத பொருள் இல்லை. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரானைக் கைமாற்றும் பிளாஸ்டோசயனின் என்ற புரதத்தின் நடுவில் ஒரு தாமிர அணு இருக்கிறது. தேவை அவ்வளவுதான். அளவு மீறினால் தாமிரம் பச்சையத்தின் மையத்தில் இருக்கும் மக்னீசியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்படி மாறிய பச்சையத்தால் ஒளியின் ஆற்றலை ஒழுங்காகக் கைமாற்ற முடியாது. போதாக்குறைக்கு, செல்லுக்குள் வெறிபிடித்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகி, செல்லின் கொழுப்புச் சவ்வைக் கிழிக்கின்றன. பரப்புச் செயலிகளும் அதே சவ்வைத்தான் தாக்குகின்றன. அவற்றின் எண்ணெய் விரும்பும் முனை சவ்வின் கொழுப்பில் நுழைந்து அதன் அடுக்கைக் குலைக்கிறது.

மூன்று நாள் சோதனை

ஒரு ரசாயனம் பாசிக்கு எவ்வளவு நஞ்சு என்று அளக்க உலகம் ஒப்புக்கொண்ட முறை ஒன்று இருக்கிறது. ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 201-ஆம் எண் வழிகாட்டி அது. அதில் அதிகம் பயன்படும் பாசிக்கு ரஃபிடோசெலிஸ் சப்கேபிடாடா என்று பெயர். 1959-இல் நார்வேயின் நிட்டெல்வா ஆற்றிலிருந்து ஓலாவ் ஸ்கல்பெர்க் என்பவர் பிரித்தெடுத்தது. அன்று எடுத்த அந்த வம்சத்தைத்தான் உலகெங்கும் ஆய்வகங்கள் வளர்த்துக்கொண்டிருக்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பிறை வடிவில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளத்தில் பச்சைத் துணுக்குகளாகத் தெரியும்.

சோதனைக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கூம்புக் குடுவைகளை வரிசையாக வைத்து, சத்துக்கரைசல் ஊற்றி, ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் சுமார் 10,000 செல்கள் இருக்கும்படி பாசியைச் சேர்க்கிறார்கள். முதல் சில குடுவைகளில் ரசாயனம் கிடையாது. இவை ஒப்புக் குடுவைகள். மற்றவற்றில் படிப்படியாக ஏறும் அளவுகளில் ரசாயனம். எல்லாவற்றையும் 21 முதல் 24 டிகிரி வெப்பத்தில், விளக்கை அணைக்காமல், மெதுவாக ஆட்டிக்கொண்டே 72 மணி நேரம் வைக்கிறார்கள். தினமும் ஒரு துளி எடுத்து, ரத்த அணுக்களை எண்ணப் பயன்படும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் விட்டு, செல்களை எண்ணுகிறார்கள். ஒப்புக் குடுவையில் பாசி மூன்று நாளில் குறைந்தது 16 மடங்காவது பெருகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனையே செல்லாது. ஆரோக்கியமில்லாத பாசியை வைத்து நஞ்சை அளக்கக் கூடாது என்பதற்கான காவல் விதி இது.

எந்த அளவு ரசாயனத்தில் பாசியின் வளர்ச்சி வேகம் பாதியாகிறதோ, அந்த அளவுக்கு இ.சி.50 என்று பெயர். பாதி வேகம் என்றால் பாதி எண்ணிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. ஒப்புக் குடுவையில் பாசி ஆறு முறை இரட்டித்தால் 64 மடங்காகும். பாதி வேகத்தில் மூன்று முறை இரட்டித்தால் வெறும் 8 மடங்கு. வேகம் பாதியானால் மூன்று நாளிலேயே எண்ணிக்கை எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

சுத்தமான சத்துக்கரைசலில் தாமிரத்தின் இ.சி.50 பல ஆய்வுகளில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் என்ற அளவில் வருகிறது. நம் நாட்டின் பொதுத் தரநிலையோ, ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதாவது 3,000 மைக்ரோகிராம் தாமிரம் இருக்கலாம் என்கிறது. ஆறு நிறைய ஓடும்போது அது நீர்த்துப்போகும் என்ற கணக்கு இதில் ஒளிந்திருக்கிறது. கோடையில் தென்பெண்ணையில் ஓடுவதில் பெரும்பங்கு கழிவுநீரே. நீர்த்துப்போக நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்?

உணவையும் நஞ்சையும் பிரித்தறிவது

குடுவையில் இருந்த தாமிரம் பாசியைக் கொல்கிறது. ஆற்றில் அதே தாமிரம் ஏன் உடனே கொல்வதில்லை? பாசியைத் தாக்குவது தனித்து மிதக்கும் தாமிர அயனிதான். கழிவுநீரில் மக்கிய கரிமப்பொருள் நிறைய இருக்கிறது. அது தாமிரத்தைப் பற்றிக்கொள்கிறது. தண்ணீரின் கடினத்தன்மையும் நஞ்சின் கூர்மையை ஓரளவு மழுக்குகிறது. பற்றிக்கொண்ட தாமிரம் வண்டலோடு அடியில் படிகிறது. அழிந்துபோகவில்லை, காத்திருக்கிறது. தண்ணீரின் தன்மை மாறினால் அதில் ஒரு பகுதி மறுபடியும் மேலே வரலாம். ஆகவே ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் உலோகம் என்ற எண் மட்டும் பாசி என்ன அனுபவிக்கிறது என்பதைச் சொல்லாது. அதைப் பாசியிடமே கேட்க வேண்டும்.

கேட்கும் வழியை 1978-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட பாசிக் குப்பிச் சோதனை காட்டியது. மேலே சொன்ன அதே நார்வே பாசிதான். தேவையான மற்ற சத்துகள் எல்லாம் இருந்தால், 1 மில்லிகிராம் பாஸ்பரஸிலிருந்து சுமார் 430 மில்லிகிராம் உலர்ந்த பாசி விளையும் என்று பல சோதனைகளில் கண்டுபிடித்திருந்தார்கள். இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஏரித் தண்ணீரைச் சோதிப்பது எளிது.

எடுத்துக்காட்டாக, ஓர் அணைத் தண்ணீரில் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் பாஸ்பரஸும் போதுமான நைட்ரஜனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வடிகட்டி, பாசியை விட்டு வளர்த்தால் 43 மில்லிகிராம் விளைய வேண்டும். விளைந்தது 10 மட்டுமே என்றால், ஏதோ ஒன்று வளர்ச்சியை அமுக்குகிறது. அடுத்து, வேறொரு குப்பியில் அதே தண்ணீரோடு இ.டி.டி.ஏ. என்ற பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள். அது உலோக அயனிகளை இறுகப் பிடித்துக்கொண்டு பாசிக்கு எட்டவிடாமல் செய்யும். இப்போது விளைச்சல் 40-ஐ நெருங்கினால் குற்றவாளி ஓர் உலோகம். அசையாமல் 10-லேயே நின்றால் வேறு வகை நஞ்சைத் தேட வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டில் 10 மில்லிகிராம் விளைந்த தண்ணீரும் கண்ணுக்குப் பச்சையாகத்தான் தெரியும். நஞ்சு இல்லாதிருந்தால் அது இன்னும் நாலு மடங்கு பச்சையாக இருந்திருக்கும், அவ்வளவுதான். உணவு மிகுந்த தண்ணீரில் நஞ்சு மறைந்துகொள்ளும். பச்சை நிறம் நஞ்சில்லை என்பதற்குச் சான்று ஆகாது என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான்.

பிழைப்பது யார்?

குடுவையில் இருப்பது ஒரே இனப் பாசி. ஆற்றில் நூற்றுக்கணக்கான இனங்கள். பச்சைப்பாசி, கண்ணாடி ஓடு போர்த்த டயாட்டம், நீலப்பச்சைப்பாசி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு நஞ்சுக்கு ஒவ்வொரு விதமாகத் தாங்கும். களைக்கொல்லி அடித்த வயலில் யூரியாவையும் போட்டால் என்ன ஆகும்? மருந்துக்குச் சாகாத களை மட்டும் உரத்தைத் தின்று கொழுக்கும். வயல் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு பச்சை. கழிவுநீர் வரும் ஆற்றிலும் இப்படித்தான்.

இதையும் அளந்திருக்கிறார்கள். 1988-இல் சுவீடனின் ஹான்ஸ் பிளாங்க் குழு ஒரு முறையை முன்வைத்தது. மாசுபட்ட இடத்தில் கல்லில் படர்ந்திருக்கும் பாசிக் கூட்டத்தையும் மாசுபடாத இடத்தின் கூட்டத்தையும் எடுத்து வந்து, இரண்டுக்கும் ஒரே நஞ்சைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மாசுபட்ட இடத்துக் கூட்டம் அதிக நஞ்சைத் தாங்கினால், தாங்காத இனங்கள் அங்கே முன்பே அழிந்துவிட்டன என்று பொருள். பாசியின் தாங்குதிறனே அந்த ஆற்றின் கடந்தகாலப் பதிவேடாகிவிடுகிறது.

எஞ்சி நிற்கும் இனம் எது என்பது மக்களுக்கு முக்கியமான விஷயம். உணவு மிகுந்த வெப்பமண்டல நீர்த்தேக்கங்களில் அடிக்கடி பெருகுவது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப்பாசி. செல்லுக்குள் காற்றுப்பைகள் இருப்பதால் மேலே மிதந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும். இதன் பல வகைகள் கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சைச் செய்கின்றன. குடிநீரில் இது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் இந்த நஞ்சு போகாது. செல் உடைந்து உள்ளே இருந்ததும் தண்ணீரில் கலக்கும்.

சரி, அணையில் மயில்துத்தத்தைப் போட்டுப் பாசியைக் கொன்றுவிடலாமே என்று யோசிப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவில் பாடம் இருக்கிறது. 1979-இல் குயின்ஸ்லாந்தின் பாம் தீவில் குடிநீர் அணை பாசியால் நிறைந்தபோது அப்படித்தான் செய்தார்கள். சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரலும் குடலும் பாதிக்கப்பட்டு நோயில் விழுந்தார்கள். செத்த பாசியின் செல்கள் உடைந்து, உள்ளே இருந்த நஞ்செல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்கியதே காரணம் என்று பின்னர் தெரிந்தது.

மீனிடம் மட்டும் கேட்டால் போதாது

நம் சட்டத்தில் உயிரை வைத்துச் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாம் அட்டவணை, நீர்த்துப்போகாத கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரத்துக்குப் பிறகும் 90 விழுக்காடு உயிரோடு இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதி. ஆனால் அது மீனிடம் மட்டுமே கேட்கிறது.

மீன் தாங்கும் நஞ்சைப் பாசி தாங்காமல் போகலாம். சோப்பிலும் பற்பசையிலும் கிருமிநாசினியாகச் சேர்க்கப்பட்ட டிரைக்ளோசான் இதற்கு நல்ல சான்று. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சோதனை மீனில் பாதியைக் கொல்ல லிட்டருக்குச் சுமார் 260 மைக்ரோகிராம் தேவை. சீனெடெஸ்மஸ் என்ற பச்சைப்பாசியின் வளர்ச்சியைப் பாதியாக்க 1.4 மைக்ரோகிராம் போதும். ஒளிச்சேர்க்கையைத் தடுக்கும் களைக்கொல்லிகளும் இப்படித்தான்: ஒளிச்சேர்க்கை செய்யாத மீனுக்கு அவை பெரிதாகத் தெரியாது. மீன் நீந்துகிறது, கழிவுநீர் தேறிவிட்டது என்று சான்று கொடுத்த தண்ணீரில், மீனின் உணவுச்சங்கிலிக்கு அடித்தளமான பாசி செத்துக்கொண்டிருக்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் இதை உணர்ந்திருக்கிறது. அங்கே ஆண்டுக்கு 1 டன்னுக்கு மேல் தயாரிக்கும் வேதிப்பொருளுக்கே பொதுவாகப் பாசிச் சோதனை முடிவைக் கொடுக்க வேண்டும். மீன் சோதனை கேட்பது 10 டன்னைத் தாண்டிய பிறகுதான்.

தென்பெண்ணைக்கு வேண்டியதும் அதுதான். தமிழகம், கர்நாடகம் இரண்டின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களும் ஆற்று நீரில் பி.ஓ.டி., சி.ஓ.டி. என்ற ஆக்சிஜன் தேவை அளவுகளையும் உலோக அளவையும் பார்க்கும்போது பாசிச் சோதனையையும் சேர்க்க வேண்டும். எல்லையில் ஓர் இடம், கெலவரப்பள்ளிக்குக் கீழே ஓர் இடம், கே.ஆர்.பி. அணையில் ஓர் இடம் என்று மாதம் ஒருமுறை குப்பிச் சோதனை செய்தால், எங்கே உணவு ஏறுகிறது, எங்கே நஞ்சு ஏறுகிறது என்பது ஓராண்டில் வெளிப்பட்டுவிடும். எந்த மாநிலத்தின் கழிவு என்ற தகராறுக்கும் ஆதாரம் கிடைக்கும். மைக்ரோஸ்கோப்பும் கூம்புக் குடுவையும் ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரி ஆய்வகங்களில் ஏற்கெனவே இருக்கின்றன. தாவரவியல், வேதியியல் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள செயல்திட்டம் வேறு என்ன இருக்க முடியும்? ஆசிரியர்கள் தொடங்கி வைக்க வேண்டும்.

அணையோரம் வாழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பச்சையாகி நாற்றமடிக்கும் தண்ணீரைக் காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்; மாடுகளையும் அதைக் குடிக்க விடாதீர்கள். புகார் எழுதும்போது நிறத்தையும் நாற்றத்தையும் மட்டும் எழுதாமல், பாசியின் நஞ்சையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.